கால் சுற்று

கோவை கணபதியில் ஒரு லேத்துப் பட்டறையில் சேர்ந்த முதல் மாதமே நான் ஒரு பம்பு ஷாஃப்டைக் கெடுத்தேன். பேரிங் உட்காரும் இடத்தை 25 மில்லிமீட்டருக்குக் கடைய வேண்டும். அங்கே மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்கு பிசகினாலும் ஷாஃப்ட் வீண். கடைசி வெட்டுக்கு டூலை உள்ளே விடும்போது கை தாண்டிவிட்டது. டயலில் இரண்டு கோடு அதிகம். அதற்கென்ன என்று கைப்பிடியை இரண்டு கோடு பின்னால் திருப்பினேன். டயல் சரியான எண்ணைக் காட்டியது. ஃபீடைப் போட்டேன். சீவல் சுருள்சுருளாக வந்தது. மைக்ரோமீட்டரை வைத்துப் பார்த்தால் 24.8.

மேஸ்திரி திட்டவில்லை. ஷாஃப்டைக் கையில் வாங்கி ஒருமுறை பார்த்துவிட்டு ஓரமாகப் போட்டார்.

"கண்ணு, இப்பக் கைப்பிடியைப் பின்னால சுத்து. டயலைப் பாக்காதே, டூலைப் பாரு."

சுற்றினேன்.

"டூலு நகந்துச்சா?"

"இல்லீங்க."

"இன்னும் சுத்து."

கைப்பிடி கால் சுற்று போன பிறகுதான் டூல் அசைந்தது.

"இந்தக் கால் சுத்து செத்த சுத்து. அதைத் தாண்டினாத்தான் உசுரு வரும்."

அந்தக் கால் சுற்றைப் பற்றி நாற்பது வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். இரும்புத் திருகு ஒன்று. அதன்மேல் ஏறி நடக்கும் கன்மெட்டல் நட்டு ஒன்று. நட்டின் மரைக்கும் திருகின் மரைக்கும் நடுவே வருடக்கணக்கில் தேய்ந்து உண்டான இடைவெளி. அந்த லேத்தில் திருகு ஒரு முழுச் சுற்றுக்கு 4 மில்லிமீட்டர் நகரும். ஆகவே கால் சுற்று என்றால் ஒரு மில்லிமீட்டர். முன்னால் சுற்றும்போது மரையின் ஒரு பக்கம் தள்ளும். பின்னால் திருப்பினால் மறுபக்கம் போய் ஒட்டும்வரை திருகு வெறுமனே சுற்றும். டயல் நகரும், டூல் நகராது. புத்தகத்தில் பேக்லாஷ் என்று எழுதியிருக்கும். பட்டறையில் ஆட்டம் என்போம், பிளே என்போம்.

இதில் என்னை அன்றைக்கும் இன்றைக்கும் அசைப்பது ஒன்றுதான். டயலில் 18 என்று இருந்தால் டூல் எங்கே நிற்கிறது? கேள்விக்கு விடை டயலில் இல்லை. முன்னாலிருந்து வந்து 18-ல் நின்றால் ஓரிடம். பின்னாலிருந்து வந்து 18-ல் நின்றால் வேறிடம். எண் ஒன்று, இடம் இரண்டு. ஆட்டம் உள்ள இணைப்பு தான் வந்த வழியை ஞாபகம் வைத்திருக்கிறது. அதனால்தான் பழைய லேத்தில் எல்லாரும் ஒரே வழக்கத்தைக் கைக்கொள்கிறார்கள்: கை தாண்டிவிட்டால் அரைச் சுற்று தாராளமாகப் பின்னால் போய், திரும்ப முன்னால் வந்து கோட்டைத் தொடுவது. எப்போதும் ஒரே திசையிலிருந்து வந்தால் ஆட்டம் இருந்தும் இல்லாத மாதிரி. மேஸ்திரி இதைச் சொல்லித் தரவில்லை, என் கையைப் பிடித்துச் செய்ய வைத்தார்.

ஓரமாகப் போட்ட அந்த ஷாஃப்ட் பம்புக்குள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தட்டி ஏற்ற வேண்டிய பேரிங் கையாலேயே வழுக்கி உட்கார்ந்திருக்கும். ஓடும்போது பேரிங்கின் உள்வளையம் ஷாஃப்டின்மேல் மெல்ல மெல்ல நழுவிச் சுற்றும். உரசிய இடத்தில் செம்பழுப்பாகத் துருப்பொடி கசியும். ஷாஃப்ட் தேயும், ஆடும், பக்கத்து சீலைத் தின்னும். என் லேத்தின் ஒரு மில்லிமீட்டர் ஆட்டம் ஏதோ ஒரு தோட்டத்துக் கிணற்றடியில் போய்ப் புது ஆட்டமாகப் பிறந்திருக்கும். ஆட்டம் இப்படித்தான் ஒரு மெஷினிலிருந்து இன்னொரு மெஷினுக்குப் போகிறது. ஜேம்ஸ் வாட்டின் நீராவி எஞ்சினையே பல வருடம் நிறுத்திவைத்தது இதுதான். சிலிண்டரை வட்டமாகக் குடைய மெஷின் இல்லை; பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே ஆவி தப்பிக்கொண்டே இருந்தது. 1775-ல் ஜான் வில்கின்சன் குடையும் தண்டை இரண்டு முனையிலும் தாங்கிப் பிடிக்கிற மாதிரி ஒரு மெஷின் செய்தார். தண்டு ஆடவில்லை, துளையும் ஆடவில்லை. 50 அங்குலச் சிலிண்டரில் பிசகு ஒரு ஷில்லிங் காசின் கனம்கூட இல்லை என்பது அந்தக் காலத்துக்கு அதிசயம். நம் ஊரில் கட்டடக் கம்பியை இன்றும் நூல் கணக்கில் சொல்கிறோம். ஒரு நூல் எட்டில் ஓர் அங்குலம். வாட்டுக்கு முந்தைய இயந்திர உலகம் ஏறக்குறைய நூல் கணக்கில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஆட்டம் இவ்வளவு கெட்டதென்றால் அதை இறுக்கித் தொலைத்தால் என்ன? பத்தொன்பது வயதில் எனக்கும் அதுதான் தோன்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரியிடம் கேட்டுக்கொண்டு நட்டை இறுக்கினேன். அது நடுவில் பிளந்து, ஒரு ஸ்குரூவால் நெருக்கக்கூடிய நட்டு. கைப்பிடியில் ஆட்டமே இல்லை. சந்தோஷமாக ஸ்லைடைக் கடைசிவரை ஓட்டினேன். முக்கால் தூரத்தில் இறுகி நின்றுவிட்டது. திருகு முழுவதும் ஒரே மாதிரி தேய்வதில்லை. வேலை பெரும்பாலும் நடுவில் நடக்கிறது, நடுப்பகுதிதான் தேய்கிறது. தேய்ந்த இடத்துக்குச் சரியாக இறுக்கினால் தேயாத முனைகளில் நட்டு நுழையாது. முனைக்குச் சரியாக விட்டால் நடுவில் ஆடும். மேஸ்திரி வந்து நட்டைக் கொஞ்சம் தளர்த்திவிட்டார். அந்தத் தளர்வு தோல்வி என்றுதான் நினைத்தேன். அவருக்கு அது கணக்கு.

அதே கணக்கு மாட்டு வண்டியிலும் உண்டு. எங்கள் ஊர் வண்டியில் சக்கரத்துக் குடம் அச்சின்மேல் தாராளமாகத்தான் இருக்கும். சக்கரம் அச்சோடு பக்கவாட்டிலும் கொஞ்சம் போய்வரும். வெளியே போனால் கடையாணியில் முட்டும், உள்ளே வந்தால் வண்டியில் முட்டும். இரவில் தூரத்து வண்டியை நாங்கள் அந்த முட்டும் சத்தத்தை வைத்துத்தான் அறிவோம். அந்த இடைவெளியில்தான் வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்த மை போய் உட்காரும். இடைவெளி இல்லையென்றால் மைக்கு இடமில்லை. மை இல்லையென்றால் அச்சு சூடேறிப் பிடித்துக்கொள்ளும். அதோடு, மேடு பள்ளத்தில் சக்கரம் கொஞ்சம் சாய்ந்து கொடுப்பதால் வண்டி முழுவதும் முறுக்கிக்கொள்வதில்லை. அப்படிக் கொடுத்துக்கொடுத்தே அச்சு ஒரு நாள் ஒடியும் என்பதும் பழைய அறிவுதான். புறநானூற்றில் ஔவையார் பாடிய 102ஆம் பாட்டில் உப்பு வணிகர்கள் வண்டிக்கு அடியில் ஒரு மாற்று அச்சைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். பள்ளமும் மேடும் வரும், அப்போது என்ன ஆகுமோ யாருக்குத் தெரியும் என்கிற கவலை அதில் இருக்கிறது. ஒரு மன்னனின் மகனைப் புகழ ஔவைக்கு அந்த மாற்று அச்சு உவமையாகக் கிடைத்தது. படிக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்குகிறது. அச்சை அடியில் கட்டிய கை என் மேஸ்திரியின் கையைப் போன்றது.

எஞ்சினிலும் இதே நியாயம். 50 மில்லிமீட்டர் தண்டு பேரிங்குக்குள் சுற்ற வேண்டுமென்றால் தண்டின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 0.05 மில்லிமீட்டர், இடம் விட வேண்டும் என்பது பழைய கைக்கணக்கு. தலைமயிரின் கனத்துக்கும் குறைவான அந்த இடத்தில் ஆயில் நுழைந்து தண்டைத் தூக்கி மிதக்க வைக்கிறது. நன்றாக ஓடும் எஞ்சினில் கிராங்க் ஷாஃப்ட் பேரிங்கைத் தொடுவதே இல்லை. தேய்மானம் பெரும்பாலும் ஸ்டார்ட் செய்யும்போதும் நிறுத்தும்போதும்தான். டேப்பட்டில் விடுகிற இடைவெளி வேறு காரணத்துக்கு. சூட்டில் வால்வு நீளும். நீள இடமில்லையென்றால் வால்வு முழுதாக மூடாது, எரிந்துபோகும். ஃபீலர் கேஜை அந்தச் சந்தில் விட்டு இழுக்கும்போது விரலுக்குத் தெரிகிற அந்த லேசான பிடிப்புக்கு எண் கிடையாது. அதைக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு வருடம் ஆனது.

ஆக இடைவெளி வேண்டும். ஆனால் விட்ட இடைவெளி விட்ட அளவிலேயே நிற்பதில்லை. அங்கேதான் துயரம் தொடங்குகிறது.

துளைக்குள் ஓர் ஆணி. துளை ஆணியைவிடச் சற்றுப் பெரிது. இந்த இணைப்பு ஓடும்போது மூன்று நிலைகளில் மாறிமாறி இருக்கிறது: ஆணி சுவரில் ஒட்டியிருக்கும், சுமை திசை மாறும்போது சுவரை விட்டு அந்தரத்தில் பறக்கும், எதிர்ச்சுவரில் போய் மோதும். பறக்கும் நேரம் கண்ணிமைக்கும் நேரத்தைவிட மிகக் குறைவு, தூரமும் மயிரளவு. ஆனால் இரும்பு இரும்பில் மோதும்போது வரும் விசை, இணைப்பு சுமக்க வேண்டிய சுமையைப்போல் பல மடங்கு இருக்கக்கூடும். கை வைத்து அழுத்தினால் இறங்காத ஆணி சின்னச் சுத்தியல் அடியில் இறங்குகிறதே, அதே கதைதான். இடைவெளி பெரிதானால் மோதல் பெரிதாகும். மோதல் பெரிதானால் இடைவெளி பெரிதாகும். தொடக்கத்தில் மாதக்கணக்கில் மெல்ல நடப்பது முடிவில் நாள்கணக்கில் நடந்துவிடுகிறது. லாரியில் பிராப்பெல்லர் ஷாஃப்ட் கிராஸ் 'டக்'கென்று சத்தம் கொடுக்கத் தொடங்கிய பிறகு டிரைவர்கள் அடுத்த ஊர் மெக்கானிக்குக்காக அவசரப்படுவது அதனால்தான்.

நாலு சட்டத்தை நாலு ஆணியால் கோத்து ஒரு சட்டத்தை அசையாமல் பிடித்துக்கொண்டால், மீதி மூன்றும் ஒரே ஒரு விதமாகத்தான் அசைய முடியும். ஒன்று எங்கே நிற்கிறது என்று தெரிந்தால் மற்றவை எங்கே நிற்கும் என்று தாளில் கணக்குப் போட்டுச் சொல்லலாம். தையல் மிஷினிலிருந்து ஜே.சி.பி.யின் கைவரை இந்த நம்பிக்கையில் ஓடுகின்றன. ஓர் ஆணியை மட்டும் மயிரளவு தளர்த்துங்கள். இப்போது அந்த ஆணி துளைக்குள் எந்தப் பக்கம் ஒட்டியிருக்கிறது என்பதையும் யாராவது சொல்லியாக வேண்டும். சொல்ல ஆளில்லை. அது போன மோதலைப் பொறுத்தது. போன மோதல் அதற்கு முந்தையதைப் பொறுத்தது. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பிரான்சிஸ் மூனும் சக ஆய்வாளரும் ஆணியால் கோத்த ஒரு சட்டகத்தைச் சீரான தாளத்தில் ஆட்டிப் பார்த்தார்கள். கொடுத்த அசைவு சீர். சட்டகம் அதிர்ந்த அதிர்வில் சீர் இல்லை. இணைப்புகளில் இருந்த தளர்ச்சி அதைக் குழப்ப அதிர்வாக்கிவிட்டிருந்தது. சோதனைக்கூடம் வேண்டாம், டவுன் பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். பஸ் நிற்கும்போது எஞ்சின் ஒரே சீராகத் துடிக்கிறது. கண்ணாடி மட்டும் அதன் பள்ளத்துக்குள் லொடலொடவென்று தாளம் தப்பி அடித்துக்கொள்கிறது. எஞ்சின் வேகம் கொஞ்சம் ஏறியதும் சட்டென்று அடங்கிவிடுகிறது. உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தாலும் அடங்கும். குழந்தைகள் எல்லோரும் அப்படிப் பிடித்துப் பார்த்திருப்பார்கள்.

தளர்வையே வேலைக்கு வைத்துக்கொண்டவர்களும் உண்டு. பழைய காலத்தில் கனமான கூட்ஸ் வண்டியை எடுக்கும் டிரைவர் எஞ்சினை முதலில் சற்றுப் பின்னால் தள்ளுவார். வேகன்கள் நெருங்கி, கப்ளிங்குகள் தளரும். பிறகு முன்னால் இழுத்தால் ஒவ்வொரு வேகனாக அசையும். டக், டக், டக் என்று சத்தம் கடைசி வேகன்வரை ஓடும். 58 வேகனையும் ஒரே நொடியில் அசைக்கச் சக்தியில்லாத எஞ்சின் ஒவ்வொன்றாக அசைத்துக் கிளம்பிவிடும். அதே தளர்வு பயணி வண்டியில் வந்தால் மேல் பெர்த்தில் தூங்குகிறவரை உலுக்கி எழுப்பும், எல்.எச்.பி. ரக ரயில் பெட்டிகள் வந்த புதிதில் நம்மில் பலர் அதை முதுகில் உணர்ந்தோம். விமான நிலையத்தில் நிறுத்திவைத்த விமானத்தின் எஞ்சின் விசிறி காற்றில் தானாகச் சுற்றும்போது பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறீர்களா? கிளிக் கிளிக் என்று சத்தம் வரும். ஒவ்வொரு பிளேடின் அடிப்பாகமும் அதன் பள்ளத்துக்குள் வேண்டுமென்றே தளர்வாக விடப்பட்டிருக்கிறது. எஞ்சின் ஓடும்போது சுழற்சியின் விசையே பிளேடை வெளியே இழுத்து இறுக்கிவிடும். அதற்குப் பிறகும் அந்த இணைப்பில் மிச்சமிருக்கும் நுண்ணிய உரசல் அதிர்வைத் தின்கிறது.

விமானம் என்றதும் எனக்கு நினைவு வருவது அலாஸ்கா ஏர்லைன்ஸ் 261. எம்.டி.-83 விமானம். அதன் வால் உச்சியில் இருக்கும் கிடை இறக்கையை மேலும் கீழும் சாய்ப்பது ஒரு திருகும் நட்டும். இரும்புத் திருகு, வெண்கல நட்டு, மரையின் வடிவம்கூட ஏறக்குறைய என் லேத்தில் இருந்ததுதான். நட்டு தேயும் என்பது தெரிந்தே செய்தது. ஆகவே குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை ஆட்டத்தை அளந்து பார்க்க வேண்டும், 0.040 அங்குலம்வரை அனுமதி. மில்லிமீட்டரில் சொன்னால் ஒன்று. என் கால் சுற்று.

1997 செப்டம்பரில் கலிபோர்னியாவின் ஓக்லாந்து பராமரிப்புக் கூடத்தில் அந்த ஆட்டத்தை அளந்தார்கள். 0.040 வந்தது. விளிம்பில் நிற்கும் எண். நட்டை மாற்ற வேண்டும் என்று வேலை அட்டையில் எழுதப்பட்டது. அடுத்து வந்தவர்கள் மறுபடி அளந்தார்கள், மறுபடி மறுபடி அளந்தார்கள். 0.033 வந்தது. நட்டு மாற்றப்படவில்லை, விமானம் பறக்கப் போனது. அதற்கு முந்தைய வருடமே கிரீஸ் வைக்கும் கால இடைவெளியை எட்டு மாதமாக நீட்டியிருந்தார்கள். 2000 ஜனவரி 31 அன்று மெக்சிகோவின் புவெர்ட்டோ வல்லார்ட்டாவிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வழியாக சியாட்டிலுக்குப் போக வேண்டிய விமானம் கலிபோர்னியாக் கரைக்கு அப்பால் பசிபிக் கடலில் விழுந்தது. 88 பேர். தலைகீழாகக் கவிழ்ந்த விமானத்தை அந்த நிலையிலேயே பறக்க வைக்கக்கூட விமானிகள் இருவரும் முயன்றார்கள். கடலடியிலிருந்து எடுத்த திருகைச் சுற்றி நட்டின் மரை கம்பித் துண்டுகளாகச் சுருண்டு கிடந்தது. மரை ஓடும் பகுதியில் வேலைக்காகும் கிரீஸ் இல்லை. போதிய மசகில்லாமல் மரை அளவுமீறித் தேய்ந்ததே காரணம் என்று விசாரணை வாரியம் எழுதியது. நீட்டப்பட்ட கால இடைவெளிகளையும், அந்த ஒரு நட்டு போனால் தாங்கிப்பிடிக்க வேறொன்று இல்லாத அமைப்பையும் சேர்த்தே குற்றம் சொன்னது.

இரண்டாவதாக அளந்தவர்கள் பொய் எழுதினார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆட்டத்தை அளந்து பழகியவனுக்குத் தெரியும்: எந்தப் பக்கம் தள்ளினோம், எவ்வளவு பலமாகத் தள்ளினோம், கருவி எப்படி உட்கார்ந்தது என்பதற்கேற்ப எண் மாறும். ஒரே இடைவெளிக்கு இரண்டு எண்ணும் நியாயமாகவே கிடைக்கலாம். எங்கள் மேஸ்திரி டயல் கேஜை வைத்துவிட்டு ஸ்லைடைத் தள்ளுவார், இழுப்பார், மூன்று தடவை. மூன்றில் பெரிய எண்ணைச் சாக்கட்டியால் மெஷின்மேல் எழுதுவார். ஏனுங்க சராசரி எடுக்கலாமே என்று ஒருநாள் கேட்டேன்.

"சின்ன நம்பரு உன் கை தள்ளினது, கண்ணு. பெரிய நம்பருதான் மிஷினு ஒத்துக்கிட்டது."

ஓக்லாந்தில் சின்ன எண்ணை எடுத்துக்கொண்டார்கள்.

இன்றைக்குப் பட்டறைகளில் சி.என்.சி. மெஷின்கள் வந்துவிட்டன. பால் ஸ்குரூ, இரட்டை நட்டு, ஆட்டம் மைக்ரான் கணக்கில். அந்த மைக்ரானையும் கணக்கில் சேர்க்க கண்ட்ரோலில் ஓர் இடம் உண்டு. ஆட்டம் இவ்வளவு என்று எண்ணைப் போட்டுவிட்டால் திசை திரும்பும்போதெல்லாம் மெஷினே செத்த சுற்றைக் கடந்துபோய் வேலையைத் தொடங்கும். நல்ல ஏற்பாடு. நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒருவர் அளந்து போட்ட எண் போட்ட இடத்திலேயே இருக்கும், ஸ்குரூ தேய்ந்துகொண்டே போகும். வெட்டும் விசை டேபிளை இடைவெளிக்குள் இழுத்துக்கொண்டு போவதை அந்த எண் தடுக்காது. மறுபடி அளக்க வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்ற வேண்டும். அது தோன்றுவதற்கு, கைப்பிடி சுற்றியும் டூல் நகராமல் நின்ற அந்தக் கணம் எப்போதாவது அவருடைய உள்ளங்கையில் நடந்திருக்க வேண்டும்.

பட்டறை வைத்திருப்பவர்களிடமும் ஐ.டி.ஐ.களை நடத்துகிறவர்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. பழைய லேத்துகளை எல்லாம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். மரை தேய்ந்த ஒன்றையாவது மூலையில் வையுங்கள். புதிதாக வருகிற பையனையும் பெண்ணையும் முதல் மாதம் அதில் நிறுத்துங்கள். ஒரு ஷாஃப்ட் கெட்டுப்போகட்டும்.